தோற்றவன் உட்கார்ந்திருக்கும் அறை

(இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான தம்பி தங்கைகளே, பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

1994 செப்டம்பர் 9ஆம் தேதி. அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலம், சார்லட் நகரம். இன்று நீங்கள் செல்போனில் பார்க்கிற யு.எஃப்.சி. என்ற கூண்டுச் சண்டைப் போட்டி தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்றாவது தடவையாக நடக்கிறது. எட்டு மூலைக் கூண்டை நோக்கி ஒருவர் நடந்து வருகிறார். முதுகில் ஒரு பெரிய மரச்சிலுவை. கீமோ லியோபோல்டோ என்று பெயர். ஹவாயில் வளர்ந்தவர், எடை நூறு கிலோவுக்கு மேல்.

அவரை எதிர்த்து நின்றவர் பிரேசிலின் ராய்ஸ் கிரேசி. முதல் இரண்டு போட்டிகளையும் ஜெயித்தவர். ஒல்லியான உடம்பு, கீமோவைவிட சுமார் முப்பது கிலோ குறைவு. சண்டை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. கிரேசி தரையில் கிடந்தபடியே கீமோவின் கையைப் பூட்டுப்போட்டுப் பிடித்தார். கீமோ தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனால் ஜெயித்தவரிடமும் மிச்சம் ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றுக்குக் கூண்டுவரை வந்த கிரேசியால் நின்று சண்டை போட முடியாது என்று தெரிந்து, அவருடைய ஆட்களே துண்டை வீசி, சண்டை வேண்டாம் என்று விலக்கிக்கொண்டார்கள். அன்றைய பட்டம், மாற்று ஆளாக உள்ளே வந்த ஒரு போலீஸ்காரருக்குப் போனது.

ஆக, சிலுவை கூண்டுக்குள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று கீமோவோடு கூட வந்த அவருடைய மேலாளர், 1990ல் செய்த ஒரு கொடிய குற்றத்துக்காகப் பின்னாளில் கலிபோர்னியாவில் ஆயுள் தண்டனை பெற்றார். அந்தச் சிலுவையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுவும் நினைவுக்கு வருகிறது.

இதெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அக்கா மகன். சென்னையில் ஒரு ஜிம்மில் எம்.எம்.ஏ. பயிற்சி எடுக்கிறான், அதாவது குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த இந்தக் கூண்டுச் சண்டைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் வீங்கின முகத்தோடு வீட்டுக்கு வந்தான். ஆராதனைக்குக் கிளம்பு என்றேன். "இந்த மூஞ்சியோட வரலாமா மாமா? எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க" என்றான். என்னிடம் பதில் இல்லை. அவனை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஆலயத்துக்குப் போனேன். அது தப்பு. அந்தத் தப்பிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது.

முதலில் வேதத்திலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், ஒன்பதாம் அதிகாரம், 26ஆம் வசனம். பவுல் சொல்கிறார்: "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்." சிலம்பம்! கிரேக்க மூலத்தில் இருப்பது குத்துச்சண்டை. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது நம்முடைய கம்புச் சண்டையாகிவிட்டது. கொரிந்துவுக்குப் பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். மல்யுத்தமும் குத்துச்சண்டையும் அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் பவுல் சண்டைக்காரனின் பேச்சை எடுத்துப் பேசுகிறார், வெட்கப்படவில்லை. அடுத்த வசனத்தைப் பாருங்கள். "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" என்கிறாரே, அந்த "ஒடுக்கி" என்ற இடத்தில் அவர் போட்ட கிரேக்கச் சொல்லுக்கு நேரான அர்த்தம் கண்ணுக்குக் கீழே குத்துவது. யாருடைய கண்ணுக்குக் கீழே? தன்னுடைய கண்ணுக்குக் கீழே. என் அக்கா மகனின் வீங்கின முகம்தான் அந்த வசனத்துக்கு எனக்குப் படமாகிவிட்டது.

உடற்பயிற்சிக்கும் சபைக்கும் உறவு புதிதல்ல. 1844ல் லண்டனில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் இருந்துதான் கூடைப்பந்து பிறந்தது, 1891ல். சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கினார். நம் பள்ளிகளில் விசில் ஊதின பி.டி. வாத்தியார்கள் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள். உடம்பைப் பழக்குவதும் ஊழியமே என்று அவர்கள் நம்பினார்கள். சரி, கூடைப்பந்துவரைக்கும் யாருக்கும் மனக்குறை இல்லை. மூக்கில் ரத்தம் வருகிற இடத்தில்தான் கேள்வி எழுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அமெரிக்காவில் சில சபைகள் துணிந்து அந்த இடத்துக்குள் இறங்கின. டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் என்ற ஊர், பக்கத்தில் பெரிய ராணுவ முகாம். அங்கே ஜான் ரென்கன் என்ற போதகர் எக்ஸ்ட்ரீம் மினிஸ்ட்ரீஸ் என்ற பெயரில் சபையையும் சண்டைப் பயிற்சியையும் சேர்த்தே நடத்தினார். காலும் கைமுட்டியும் விசுவாசமும் மோதிக்கொள்ளும் இடம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வாசகம். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பால் பர்ரஸ் என்ற போதகரும் அப்படியே. அவரைப் போன்றவர்களைப் பற்றி 2014ல் ஓர் ஆவணப்படமே வந்தது. அதே நியூயார்க்கில் தொழில்முறை எம்.எம்.ஏ. 1997 முதல் 2016 வரை தடை செய்யப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாநிலச் சட்டம் வேண்டாம் என்றதை ஒரு போதகர் வேண்டும் என்றார்.

ஏன் வேண்டும் என்றார்கள்? சபைக்குப் பையன்கள் வருவதில்லை, ஜிம்முக்கு வருகிறார்கள். அப்படியானால் ஜிம்முக்கே போவோம் என்றார்கள். இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. மீன் இருக்கிற இடத்தில்தானே வலை போட வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதே பாயில் வட்டமாக உட்கார்ந்து, வியர்வை காயும் முன்னே ஒரு சங்கீதம் வாசிக்கிறார்கள். ஒருவன் கழுத்தை ஒருவன் நெரித்துவிட்டு, தட்டினதும் விட்டுவிட்டு, பிறகு தோளில் கைபோட்டு ஜெபிக்கிறார்கள். அதில் பொய் இருக்க முடியாது. அரை மணி நேரம் உருண்டு புரண்டவனிடம் நல்லவன் வேஷம் போட முடியாது.

ஆனால் கூடவே இன்னொரு பேச்சும் வந்தது. அதை நான் ஏற்க மாட்டேன். சபை ரொம்ப மென்மையாகிவிட்டது, இயேசுவையும் மென்மையாக்கிவிட்டார்கள், அவரை வீரராகக் காட்டினால்தான் ஆண்பிள்ளைகள் வருவார்கள் என்ற பேச்சு. சியாட்டிலில் மார்ஸ் ஹில் சபையை நடத்திய மார்க் டிரிஸ்கால், தன்னால் அடித்துவிட முடிகிற ஒருவரைத் தன்னால் தொழ முடியாது என்று 2007ல் ஒரு பத்திரிகையில் சொன்னார்.

தம்பிமாரே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இயேசுவைத்தான் அடித்தார்களே! பிரதான ஆசாரியன் வீட்டில் கன்னத்தில் அறைந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, உன்னை அடித்தது யார் என்று சொல் என்று கேலி செய்தார்கள். போர்ச்சேவகர் கோலை வாங்கித் தலையிலேயே அடித்தார்கள். யார் வேண்டுமானாலும் அடித்துவிடக்கூடிய ஒருவராகத் தம்மை ஒப்புக்கொடுத்தவரைத்தான் நாம் இத்தனை வருடமாகத் தொழுதுகொண்டிருக்கிறோம். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேறு எதைக் கேட்கிறோம்?

அந்த நாட்களில் அமெரிக்காவில் ஒரு சட்டை பிரபலம். "இயேசு தட்டவில்லை" என்று நெஞ்சில் அச்சடித்திருக்கும். தட்டுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கை ஒடியப்போகிறது, அல்லது மூச்சு அடைக்கிறது. அப்போது எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று தடவை தட்டினால், ஒப்புக்கொண்டேன், விட்டுவிடு என்று அர்த்தம். அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்தச் சட்டையைப் போட்டவர்கள் நல்ல மனதோடுதான் போட்டார்கள், அவர் சிலுவையிலிருந்து பின்வாங்கவில்லை என்று சொல்ல நினைத்தார்கள். இருந்தாலும் சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நடந்ததை என்னவென்று சொல்வது? "என் சித்தத்தின்படியல்ல" என்று அவர் சொன்னது ஒப்புக்கொடுத்தல் இல்லையா? ஜிம்மில் ஒரு நல்ல கோச் புதுப் பையனுக்கு முதல் நாளே கற்றுக்கொடுப்பது தட்டத்தான். தட்டத் தெரியாதவனுக்குக் கை ஒடியும். தட்டினதும் விடத் தெரியாதவனோடு யாரும் பயிற்சி எடுக்க மாட்டார்கள். தட்டினவனை வெட்கப்படுத்துகிற சட்டையைப் போட்டுக்கொண்டு தட்டினவனுக்கு எப்படி ஊழியம் செய்வது?

ஒவ்வொரு சண்டையிலும் ஒருவன் தோற்கிறான். மேடையில் வெளிச்சம் ஜெயித்தவன் மேல் விழும். அவன் ஒலிவாங்கியைப் பிடித்து ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வான், சொல்லட்டும். நீங்கள் அந்த நேரத்தில் பின்னால் இருக்கிற அறைக்குப் போங்கள். தோற்றவன் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கையில் சுற்றின துணியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். புருவத்தில் தையல் போடுவார்கள். இந்த ஒரு சண்டைக்காக இரண்டு மாதம் தயாராகியிருப்பான். எடை பார்ப்பதற்கு முன்னால், தன் எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக, உப்புப் போட்ட வெந்நீரில் கிடந்து, வியர்வை உடுப்பு போட்டு ஓடி, தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சில நாளில் ஏழெட்டுக் கிலோவை இறக்கியிருப்பான். 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீனப் பையன் இப்படி எடையை இறக்கப் போய் இறந்தே போனான். கூண்டுக்குள் கால் வைக்கவே இல்லை. அதன் பிறகுதான் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் உடம்பிலிருந்து நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்தது.

காசு விஷயமும் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்தம் இப்படி இருக்கும்: சண்டைக்கு இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. தோற்றால் பாதிதான். அந்தப் பாதியில் கோச்சுக்கும் மேலாளருக்கும் கொடுத்தது போகத்தான் வீட்டு வாடகை. சம்பளத்தைக் குறைத்து வைத்தார்கள் என்று வீரர்கள் யு.எஃப்.சி. மேல் 2014ல் தொடுத்த வழக்கு பத்து வருடம் இழுத்து, 37 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் அந்த அறைக்குள் போய், "கர்த்தர் உங்களை ஜெயங்கொள்ளப் பண்ணுவார்" என்று சொன்னால் அவனுக்கு அது எப்படி இருக்கும்?

அந்த அறையில் ஊழியக்காரனுக்கு வேலை அதிகம் பேச்சில் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கலாம், அவன் கையால் திறக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகலாம். அவன் அம்மாவுக்கு போன் போட்டு, பையன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லலாம். தலையில் அடிபட்டவன் அடுத்த வாரமே பயிற்சிக்கு வருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். கோச்சுக்கும் மேலாளருக்கும் அவன் சண்டை போட்டால்தான் வருமானம். வேண்டாம் என்று சொல்வதால் எதையும் இழக்காத ஒரே ஆள் போதகர்தான்.

ஜஸ்டின் ரென் என்ற டெக்சஸ்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பள்ளியில் மற்றப் பிள்ளைகளிடம் கேலியும் அடியும் பட்டவர். 2009ல் யு.எஃப்.சி. நடத்திய தொலைக்காட்சிப் போட்டியில் வந்து பெயர் பெற்றார். கூடவே போதைப்பழக்கமும் மனச்சோர்வும். அதிலிருந்து 2010 வாக்கில் கிறிஸ்துவிடம் வந்து, சண்டையை விட்டு விலகினார். அடுத்த வருடம் காங்கோ காட்டுக்குள் இருக்கும் முபுட்டி மக்களிடம் போனார். அக்கம்பக்கத்து இனத்தாரால் அடிமைகள்போல நடத்தப்பட்ட ஜனங்கள் அவர்கள். நிலம் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. அவர்களோடேயே தங்கி, மலேரியாவில் விழுந்து எழுந்து, அவர்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்கவும் கிணறு தோண்டவும் ஓர் அமைப்பை உண்டாக்கினார். மறக்கப்பட்டவர்களுக்காகச் சண்டை என்பதுதான் அதன் பெயர். 2015ல் அந்த ஜனங்களின் நிலையை உலகத்துக்குச் சொல்வதற்காக மறுபடியும் கூண்டுக்குள் இறங்கினார். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கின பையன், அடிவாங்குகிற ஜனத்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சண்டை விளையாட்டை எதிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் பாரம் உண்டு. ரோமிலிருந்து வரும் ஓர் இயேசு சபைப் பத்திரிகை 2005ல் தொழில்முறைக் குத்துச்சண்டையைச் சட்டம் அனுமதித்த கொலை முயற்சி என்றே எழுதியது. பழங்காலத்துச் சபைப் பிதா அகஸ்டின் தன் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்லும் ஒரு சம்பவமும் உண்டு. வாள் சண்டைக் களத்துக்கு நண்பர்கள் அவரை இழுத்துப்போனார்கள். கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஒரே குரலில் கத்தினதும் கண்ணைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான், அந்த ரத்தவெறி அவருக்குள்ளும் புகுந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான். இந்தச் சண்டைகளைப் பார்க்க ஆரம்பித்த இரண்டாம் வாரம், ஒருவன் மயங்கி விழுந்தபோது நான் நாற்காலியிலிருந்து துள்ளினேன். அதன் பிறகு பார்ப்பதைக் குறைத்துவிட்டேன். இந்த விளையாட்டு சரியா என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் அதற்குள் இருக்கும் பையன்கள் நம்முடையவர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த மாதம் என் அக்கா மகனுக்கு முதல் போட்டி. "நான் ஜெயிக்கணும்னு ஜெபம் பண்ணுங்க மாமா" என்றான். எதிரில் நிற்கப்போகிற பையனுக்கும் ஒரு மாமா இருப்பாரே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனே அந்தப் பையனின் பெயரை விசாரித்து எனக்கு மெசேஜ் அனுப்பினான். இரண்டு பெயரையும் வேதாகமத்தின் முதல் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பின்னறையில் இருக்க அவன் கோச்சிடம் அனுமதியும் கேட்டிருக்கிறேன்; இரண்டு பேரின் அறைக்கும் போக வேண்டும் என்று சொல்லித்தான் கேட்டேன்.

எழுந்து நிற்போமா? அந்த இரண்டு பையன்களுக்காகவும் ஜெபிப்போம்.