90 டிகிரி வளைகோடு பொருந்திவிட்டது!

வணக்கம். இன்று எனக்குத் தலைகால் புரியவில்லை, முகமே சொல்லும். திரையைப் பாருங்கள். டீம் 7 என்ற சோதனைக் கணக்கின் காந்தப்புலம் இது. புள்ளிகள் ஆய்வகத்தில் அளந்தவை, கோடு என் மடிக்கணினி கணக்கிட்டது. கோடு புள்ளிகள் மேலேயே போகிறது! அதுவும் 200 ஹெர்ட்ஸில், 90 டிகிரி வளைகோட்டில்.

டீம் 7 பற்றிக் காது புளிக்கச் சொல்லியிருக்கிறேன். புதியவர்களுக்காக மட்டும்: மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் உண்டாக்கும் சுழல் மின்னோட்டத்தைக் கணிக்கும் நிரல்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படுத்தும் கணக்கு அது. 294 மில்லிமீட்டர் சதுர அலுமினியத் தகடு, தடிமன் 19. ஒரு மூலையை ஒட்டி 108 மில்லிமீட்டர் சதுர ஓட்டை. மேலே கம்பிச்சுருள், அது இன்னொரு மூலைக்கு ஒதுங்கி நிற்கும். எங்கும் சமச்சீர் கிடையாது. பாதியை மட்டும் கணக்கிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு வைத்த ஆப்பு!

சுருளின் மின்னோட்டத்தைச் சொல்லவில்லையே? 2742 ஆம்பியர்-சுற்று, அதாவது ஆம்பியரைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கியது.

நான் ஏன் 90 டிகிரிக்காக இப்படிக் குதிக்கிறேன்? சுருளில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். அது உச்சத்தில் இருக்கும் கணத்தின் புலம் 0 டிகிரி வளைகோடு; கால் சுழற்சி தள்ளி, அது பூஜ்யமாகும் கணத்தின் புலம் 90 டிகிரி. 0 டிகிரி வளைகோட்டில் பெரும்பங்கு சுருளின் சொந்தக் காந்தப்புலம்தான். தகட்டைச் சுமாராகக் கணக்கிட்டாலும் அது ஓரளவு பொருந்தித் தொலைக்கும். 90 டிகிரியில் சுருளின் பங்கு பூஜ்யம். அங்கே மிஞ்சுவது முழுக்கத் தகட்டுக்குள் சுழலும் மின்னோட்டம் உண்டாக்கியது. வானவில் நிறத்தில் படம் போட்டுவிட்டு இந்த வளைகோட்டை மட்டும் காட்டாத வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெஷ், அதாவது கணக்குக்காக இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது, வழக்கம்போல் என் பிடிவாதப்படிதான். இந்த அலுமினியத்தில் 50 ஹெர்ட்ஸுக்குப் புலம் ஊடுருவும் ஆழம் 12 மில்லிமீட்டர். 200 ஹெர்ட்ஸுக்கு 6. அந்த ஆறுக்குள் மூன்று அடுக்காவது இல்லாத மெஷ்ஷை நான் தொடமாட்டேன். தூரத்துக் காற்றில் எவ்வளவு பெரிய கட்டம் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உண்மையில் உயிரை வாங்கியது தகடு அல்ல, சுருளின் வளைந்த மூலை! சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் ஓடுகிறது, ஓடுகிறது, பிழை ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மின்னோட்டத்தின் திசையைச் சூத்திரமாக எழுதிக் கொடுத்தால் அது அழகாக வளைந்து போகும். மெஷ்ஷோ நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனது. ஆகவே ஓரங்களில் மின்னோட்டம் கசியும், உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகாது. கட்டங்களின் விளிம்புகளை வைத்துப் புலத்தைக் கணக்கிடும் விளிம்பு உறுப்புகளில் அப்படிப்பட்ட சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது, சால்வர் பாவம் என்ன செய்யும்? நான் ஓட்டும் எல்மர் நிரலில் இதற்கென்றே காயில்சால்வர் என்று ஒரு பகுதி இருக்கிறது. முதலில் சுருளுக்குள் மட்டும் மின்னோட்டத்தைக் கசிவில்லாமல் கணக்கிட்டுத் தரும். அதைச் சேர்த்தவுடன் பிழை சரசரவென்று இறங்கியது. எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அட, புலத்தை எங்கே அளந்தார்கள் என்பதையே விட்டுவிட்டேன். தகட்டின் மேற்பரப்பு 19-இல், சுருளின் அடிப்பாகம் 49-இல். இரண்டுக்கும் சரியாக நடுவில், 34 மில்லிமீட்டர் உயரத்தில் போகும் கோடு. இந்த வளைகோடு அங்கே எடுத்ததுதான்.

எல்மர் பின்லாந்துக்காரர்கள் கொடுத்தது, இலவசம். மெஷ் போட்ட ஜிமெஷ்ஷும் இலவசம். காசு கேட்பது ரேம்தான்! அடுத்து இரும்புத் தகடு. அதில் 50 ஹெர்ட்ஸிலேயே ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், என் மூன்றடுக்குப் பிடிவாதத்துக்கு இப்போதிருக்கும் ரேம் எந்த மூலைக்கு? கடையில் விலை கேட்டேன். கேட்டுவிட்டு ஒரு மவுஸ் பேட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.