மாரியோடு வருகிற ஆறுமணிக்குருவி

வணக்கம், நேயர்களே.

வண்ணப் பறவை பார்க்க வேண்டுமென்றால் சிங்கராஜா மழைக்காட்டுக்குத்தான் போகவேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தாராளமாகப் போகலாம், அட்டைக் கடிக்கு ஆயத்தமாகப் போங்கள். ஆனால் மாரி தொடங்கினால் வன்னிக்கே ஒன்று வந்துவிடுகிறது: ஆறுமணிக்குருவி. தென்கிழக்காசிய மழைக்காடுகளில் அதற்குச் சொந்தபந்தம் ஏராளம். இலங்கைக்கு வருவது இந்த ஒரு வகைதான்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இங்கே காலபோகம் என்கிற மாரிகால நெல் விதைப்பு நடக்கிற நாட்களில் வந்து இறங்கும். பயணமெல்லாம் இரவில். சித்திரை வாக்கில் திரும்பிவிடும்.

மைனாவைவிடச் சிறியது. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் நெஞ்சு, தோளில் பளிச்சென்ற நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணோடு சேர்த்து இழுத்த தடித்த கறுப்புப் பட்டை. வாலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனை நிறமும் பாலை மர நிழலில், சருகுக்குள் அப்படியே மறைந்துபோகும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: அண்ணாந்து பார்க்காதீர்கள், கீழே பாருங்கள்.

கொழும்பிலிருந்து வந்த என் மருமகன் கழுத்தில் தொலைநோக்கியோடு ஒட்டுசுட்டான் பக்கம் காலை முழுக்க மரக்கொப்புகளையே துழாவினான். கண்டது கிளிகள். (கிளியும் அழகுதான், அதை யார் மதிக்கிறார்கள்!) பின்னேரம் எங்கள் மாமி வீட்டுத் திண்ணையில் களைத்துப்போய் இருந்தான். மாமி விளக்குமாற்றோடு வந்தவர், “தம்பி, மேலே என்னத்தைத் தேடுகிறீர்? அந்தப் பலா மரத்தடியைப் பாரும்” என்றார். அங்கே சருகுக் குவியலில் ஓர் இலை தானாகப் புரண்டது. பிறகு இன்னொன்று. அலகால் இலையைத் தட்டிவிட்டு, மண்புழு ஒன்றை இழுத்தெடுத்து, இரண்டு தத்துத் தத்தி நின்றது. கட்டை வால் மெதுவாக மேலும் கீழும் ஆடியது. மருமகன் தொலைநோக்கியைத் தூக்கவே மறந்துபோனான். மாமி அந்த மூலையை மாரி முடியும்வரை கூட்டுவதில்லை. முற்றம் பளிங்குபோல இருக்கவேண்டும் என்று நிற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு முன் காது. விடிகிற நேரமும் பொழுதுபடுகிற நேரமும், தலையைப் பின்னே சாய்த்து இரண்டு துண்டாகச் சீழ்க்கை அடிக்கும். ஒன்று கூப்பிட்டால் அடுத்த வளவிலிருந்து மற்றது பதில் கொடுக்கும். சத்தம் வந்த பக்கம் ஓடாதீர்கள். இருந்த இடத்தில் இருந்து, கீழே பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், கீழே.

கீழே பார் என்று வன்னியில் சொன்னால் அதற்கு வேறொரு பொருளும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மிதிவெடிக்கான சிவப்புப் பலகை நிற்கிற இடத்தில் எந்தக் குருவிக்காகவும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். வீட்டு வளவே போதும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பூனைகளைப் பற்றி விரிவாகப் பேச வந்தேன், விட்டுவிடுகிறேன். இதை மட்டும் கேளுங்கள்: இரவில் வெளிச்சத்தைக் கண்டு சுவரில் மோதி, விறாந்தையில் இந்தக் குருவி விழுந்து கிடக்கலாம். துளையிட்ட கடதாசிப் பெட்டியில், இருட்டான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் பற்றை ஓரமாகத் திறந்துவிடுங்கள், பூனையை உள்ளே அடைத்துவிட்டு. வணக்கம்.