எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்

[திரையில்: ஆறிப்போன சோற்றுக் கிண்ணம்]

கதை சோற்றில்தான் ஆரம்பிக்கிறது. சீனாவில் மிங் அரச வம்சத்தின் காலத்து பெய்ஜிங் அரண்மனைக்குள் அண்ணகர்கள், அதாவது காயடிக்கப்பட்டு ஊழியத்துக்கு வந்த ஆண்கள், பணி நேரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. வெளியிலிருந்து வரும் சாப்பாடு ஆறி விறைத்துக் கிடக்கும். பணிப்பெண்களிடம் அடுப்பு உண்டு. சூடு பண்ணித் தரச் சொல்லிக் கேட்டுப் போனவர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட, அது நாளாக நாளாகக் குடித்தனம் ஆகிவிடும்.

இந்த உறவுக்குப் பெயரே துய்ஷி, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது. சொல் மிங்கைவிட ரொம்பப் பழையது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் வம்ச காலத்தில் இரண்டு பணிப்பெண்கள் கணவன் மனைவிபோல வாழ்ந்ததை இப்படிச் சொன்னார்கள். மிங் காலத்தில் அண்ணகர்–பணிப்பெண் உறவு நிலைத்துவிட்டால் அதற்குப் பெயர் சைஹு, அதாவது காய்கறிக் குடும்பம். கடைக்கு அலைவது, அந்தப் பெண்ணுக்கு வேண்டியதை வாங்கி வருவது எல்லாம் அண்ணகரின் வேலை. நம் வீட்டுக் கணவர்கள் கொஞ்சம் கவனிக்கவும்!

மிங்குக்கு முந்தைய டாங் வம்ச காலத்தில் இதில் ஒளிவுமறைவே இல்லை. காவோ லீஷி என்ற செல்வாக்கான அண்ணகர் ஒரு சாதாரண எழுத்தரின் மகளை முறையாக மணந்தார். மாமனாருக்கு மளமளவென்று பதவி உயர்வு. ஆனால் 1368இல் மிங் ஆட்சியைத் தொடங்கிய ஹோங்வூ, மனைவி கட்டும் அண்ணகரின் தோலை உரிக்கச் சட்டம் போட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எந்த அளவுக்கு என்றால், தியான்சி பேரரசரின் செவிலித்தாய் கே அம்மையாருக்காக வெய் சாவோ, வெய் ஜோங்சியான் என்ற இரண்டு அண்ணகர்கள் நள்ளிரவில் குடித்துவிட்டு அடித்துக்கொண்டார்கள், சத்தத்தில் தூக்கம் கலைந்த பேரரசர், பதின்ம வயதுப் பையன், தண்டிப்பதை விட்டுவிட்டு யார் வேண்டும் என்று அந்த அம்மாளையே கேட்டார். அவர் ஜோங்சியானைச் சொன்னார். தோற்றவர் துரத்தப்பட்டு, பிறகு கொல்லப்பட்டார். ஜெயித்த ஜோடி நாட்டையே ஆட்டிப்படைத்தது. 1627இல் பேரரசர் இறந்ததும் ஜோங்சியான் தூக்கில் தொங்கினார், கே அம்மையாரை அடித்தே கொன்றார்கள்.

எல்லா ஜோடியும் இப்படி இல்லை. ஷென் டெஃபு என்ற மிங் காலத்து அறிஞர் நகருக்கு வெளியே ஒரு கோயிலில் தங்கிப் படித்தபோது, எப்போதும் பூட்டியே இருந்த ஓர் அறை அவர் கண்ணில் பட்டது. உள்ளே வரிசையாக நினைவுப் பலகைகள், ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒரு பணிப்பெண்ணின் பெயர். வைத்தவர்கள் அண்ணகர்கள். ஒரு திதி நாளில் அவர்களில் ஒருவர் வந்து படையல் வைத்து, மார்பில் அடித்துக்கொண்டு, கால்களைத் தரையில் உதைத்துக் கதறினாராம். தாலி கட்டிய புருஷன்கூட இப்படி அழமாட்டான் என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார் ஷென்.