பாக்டீரியாவின் பம்பை அடைக்கும் செடி

நேயர்களுக்கு வணக்கம். மூலிகையால் பாக்டீரியாவைக் கொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும் என்று உடனே சொல்லிவிடுவேன். அது மருந்தாகுமா என்று கேட்டால்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இது திடீரென்று வந்த ஆபத்து இல்லை. கிருமி சாகாத அளவுக்குக் குறைவாக மருந்து கொடுத்தால் அது எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல், தம் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

சரி, செடிகளிடம் என்ன இருக்கிறது? செடியால் எதிரியைக் கண்டு ஓட முடியாது. நின்ற இடத்திலேயே நின்று வேதிப்பொருளால்தான் போராட வேண்டும். பூண்டைப் பாருங்கள். முழுப் பல்லில் அல்லிசின் என்ற கிருமிக்கொல்லிப் பொருள் கிடையாது. நசுக்கும்போதுதான், அதுவரை தனித்தனியாக இருந்த அல்லீன் என்ற பொருளும் ஒரு நொதியும் ஒன்றோடொன்று சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. அது பல வகை பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆனால் நிலைத்து நிற்காது, விரைவில் சிதைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த செடி பெர்பெரிஸ். அதில் பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. அது பாக்டீரியாவுக்கு நஞ்சுதான். ஆனால் தனியாகக் கொடுத்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. காரணம், அதன் செல் சுவரை ஒட்டிய சவ்வில் நார்-ஏ என்ற பம்ப் இருக்கிறது. உள்ளே வரும் நஞ்சை அது இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படியானால் செடி ஏன் இதை வீணாகத் தயாரிக்கிறது?

பதில் 2000-ஆம் ஆண்டில் கிடைத்தது. அதே செடியில் மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்று இன்னொரு பொருளும் இருக்கிறது. தனியாக அதற்குக் கிருமியைக் கொல்லும் திறன் இல்லை. அது செய்வதெல்லாம் அந்தப் பம்பை அடைப்பதுதான். பம்ப் நின்றதும் பெர்பெரின் உள்ளேயே தங்கி வேலையைக் காட்டுகிறது. கொல்லும் பொருளை மட்டும் தேடுபவர் இந்த இரண்டாவது பொருளைக் குப்பையில் போட்டிருப்பார். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நார்ஃப்ளாக்சசின் போன்ற நாம் பயன்படுத்தும் மருந்துகளையும் இதே பம்ப்தான் வெளியே தள்ளுகிறது. ஆகவே, மூலிகையிடம் புதிய ஆன்டிபயாடிக்கை மட்டும் கேட்காதீர்கள், செயலிழந்துவரும் பழைய மருந்துக்கு ஒரு துணையையும் கேளுங்கள் என்று சக ஆய்வாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்தத் துணையும் எளிதில் கிடைத்துவிடாது. சர்ப்பகந்தி மூலிகையில் உள்ள ரிசர்பின் என்ற பொருளும் நார்-ஏ பம்பை அடைக்கும். ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு மனிதருக்கு நச்சு. அங்கேயே கதவு மூடிவிட்டது.

அப்புறம், தட்டில் தெரியும் அந்த வட்டம். ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளரும் தட்டின் நடுவே மூலிகைச் சாறு தோய்த்த தாள் வில்லையை வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத வளையம் தெரியும். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சாறு இறக்கப் பயன்படுத்திய ஆல்கஹால் மிச்சமிருந்தால், அதுவே கிருமியைக் கொன்றிருக்கலாம். நீரில் கரையாத நல்ல பொருளோ தட்டில் பரவாமல், வளையமே காட்டாமல் போய்விடலாம். தட்டில் வேலை செய்ய வேண்டிய அளவைக் குடலும் கல்லீரலும் தாண்டி இரத்தத்தில் எட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான சாறுகள் விழுந்துபோவது இங்கேதான்.

"அப்படியானால் நான் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். கிருமித் தொற்றுக்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், அதை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறாதீர்கள். கூடவே மூலிகை எதுவும் எடுத்துக்கொண்டால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் போன்ற சில மூலிகைகள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, வேறு மருந்துகளை வேகமாகச் சிதைத்துவிடும். மருந்தின் அளவு அப்படிக் குறைந்தால், ஃபிளெமிங் அஞ்சிய நிலைமைதான் நம் உடம்புக்குள் உருவாகும்.