கொழுந்து மலைக்கும் வர வேண்டிய குடல் பரிசோதனை

பெரியோர்களே, தாய்மார்களே, தோட்டத்துத் தோழர்களே,

மலத்தோடு இரத்தம் போனால் நம் ஆட்கள் முதலில் சொல்வது "மூலச் சூடு" என்பதுதான். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். பல பேருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் பெருங்குடலில் வளரும் கட்டியிலிருந்தும் அதே இரத்தம் வரும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது. ஆகவே இரத்தம் தெரிந்தவர் எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம். நேரே வைத்தியரிடம் போங்கள்.

நான் பேச வந்தது அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றி. ஒரு நோவும் இல்லாமல் ஓடியாடி வேலை செய்யும் மனிதர்களை ஊரோடு கூப்பிட்டுச் சோதித்தால் குடல் புற்றுநோய் குறையுமா?

குறையும். ஏன் என்று சொல்கிறேன். இந்த நோய் திடீரென்று வருவதில்லை. குடலின் உட்சுவரில் காளான் மொட்டுப் போல ஒரு சிறு சதை முளைக்கும். பொலிப் என்பார்கள். பெரும்பாலானவை அப்படியே கிடந்துவிடும். சில மட்டும் பத்து வருடமளவில் வளர்ந்து புற்றுநோயாகும். அந்தப் பத்து வருடம் நமக்குக் கிடைத்த அவகாசம். கொலோனோஸ்கோப்பி என்னும் கமெராக் குழாயை ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் வைத்தியர் பொலிப்பைக் கண்டால் ஒரு கம்பி வளையத்தை மாட்டி அப்போதே அறுத்து எடுத்துவிடுவார். நாளை வரவிருந்த நோய் வராமலே போகிறது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000க்கும் அதிகமானோரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. வருடாவருடம் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதித்த பிரிவில் குடல் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனன்டே என்ற மருத்துவ நிறுவனம் மலச் சோதனைக் குழாயை வீட்டுக்கே தபாலில் அனுப்பியது. 2000இல் நூற்றுக்கு 39 பேர் சோதனை செய்திருந்தார்கள்; 2015இல் 83 பேர். அதற்குள் புதிய நோயாளர் வீதம் கால் பங்கும் மரண வீதம் பாதிக்கு மேலும் இறங்கின.

ஒன்றைக் கவனியுங்கள். நெதர்லாந்து 2014இல் திட்டத்தைத் தொடங்கியதும் நோயாளர் எண்ணிக்கை ஏறியது. ஒளிந்திருந்த நோய்கள் வெளிச்சத்துக்கு வந்ததால் ஏறிய கணக்கு அது. சில வருடங்களில் பழைய அளவுக்கும் கீழே இறங்கியது. நாளைக்கு நம் நாட்டில் திட்டம் வந்து, முதல் வருடக் கணக்கைப் பார்த்து யாராவது "சோதித்ததால்தான் நோய் கூடியது" என்றால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

ஆள் வராவிட்டால் எந்தச் சோதனையும் பலன் தராது. போலந்து, நோர்வே, சுவீடன் நாடுகளில் நேரடியாகக் கொலோனோஸ்கோப்பிக்கே அழைத்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வந்தது. அழைப்புப் பெற்றவர்களில் 42 வீதமானோர்தான் போனார்கள். நோய் குறைந்ததும் 18 வீதம்தான். வசதியான நாடுகளிலேயே இப்படியென்றால், மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு பஸ் ஏற வேண்டியவரை நினைத்துப் பாருங்கள்.

அதனால் நமக்குப் பொருந்துவது மலப் பரிசோதனைதான் என்பது என் உறுதியான எண்ணம். பெருவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். மூடியைத் திருகினால் அதோடு ஒரு குச்சி வரும். நுனியில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும். மலத்தில் நான்கைந்து இடத்தில் தொட்டு, திரும்பக் குழாய்க்குள் விட்டு மூடி, தேதியை எழுதிக் கொடுத்தால் போதும். பத்தியம் வேண்டாம், பட்டினி வேண்டாம். மனித இரத்தம் இருந்தால் மட்டும் காட்டிக் கொடுக்கும். சூட்டில் இந்த மாதிரி கெட்டுவிடும். நம் நுவரெலியாக் குளிர் அதற்கும் தோது.

இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் அவர்கள் கட்டாயம் கொலோனோஸ்கோப்பிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் முதல் சோதனையே வீண்.

நம் நாட்டில் 1996இல் தொடங்கிய சுவநாரி கிளினிக் மூலம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை நடக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் லயம் என்னும் நம் வரிசை வீடுகளில் ஏறி இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் அது நடக்கிறது. குடலுக்கு அப்படி நாடு முழுக்க அழைக்கும் திட்டம் இன்னும் இல்லை. அதே உத்தியோகத்தரின் பையில் இந்தக் குழாயையும் வைக்கலாம். ஆண்களிடம் பேச வேறு ஆள் வேண்டும். நம் ஆண்கள் அந்த மிஸ்ஸிடம் மலத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

லயத்தில் கக்கூஸ் பொதுவாக இருப்பதையும் மறக்கக் கூடாது. கொலோனோஸ்கோப்பிக்கு முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். ஐந்து குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் இருக்கும் இடத்தில் வயதான ஒரு அம்மா மழை இரவில் எத்தனை தடவை வெளியே போவார்? அப்படிப்பட்டவர்களை முதல் நாளே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பேர், அதாவது ஒரு நாள் வேலைக்கான சம்பளக் கணக்கு. மருந்து குடிக்கும் நாளும் போகிறது, சோதனை நாளும் போகிறது. இரண்டு நாள் பேரை இழந்து எந்தக் கொழுந்துக்காரியும் வரமாட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே தொழிற்சங்கப் பிரதிநிதிகள் இருக்கிறீர்கள். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது அந்த இரண்டு நாளுக்கும் முழுப்பேர் கேளுங்கள். அரைப்பேருக்குச் சம்மதித்து வராதீர்கள்.