பெர்கன் மழைக்கு எந்தச் சட்டை?

நேயர்களுக்கு வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறை வந்தால் நார்வே, ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து என்று வடக்கே கிளம்பும் குடும்பங்கள் இப்போது சிங்கப்பூரில் நம்மிடையே நிறைய. சுற்றுலாக் குழுக்களை அந்தப் பக்கம் அழைத்துப் போவது என் தொழில். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். “அங்கே கோடைக்காலம்தானே, ஒரு சுவெட்டர் போதாதா?” என்று கேட்கிறவர்களும் உண்டு. துருவப் பயணத்துக்கே புறப்படுவதாக நினைத்துப் பொதி கட்டுகிறவர்களும் உண்டு. போய் இறங்கியதும் இரண்டு பேரும்தான் திண்டாடுகிறார்கள்.

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் என்று ஓர் ஊர். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த ஊரைச் சூழ்ந்திருக்கும் மலைகளில் மோதி மழையாக இறங்குகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். சிங்கப்பூருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அப்படியானால் மழை நமக்குப் புதிதா என்று தோன்றும். புதிதுதான். இங்கே இடி இடித்து, கொட்டு கொட்டென்று கொட்டி ஓய்ந்துவிடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் வேலை முடிந்தது. நனைந்தாலும் வீட்டில் திட்டு விழும், அவ்வளவுதான். அங்கே தூறலாகத் தொடங்கி, நின்று, மறுபடி தூறி, காற்று அடித்தால் பக்கவாட்டில் முகத்தில் அறையும். குடை பிடித்தால் மடங்கிப்போகும். ஜூன் மாதத்தில்கூட நண்பகல் வெப்பம் சராசரியாக 16, 17 டிகிரிதான். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குளிர்ந்த இரவே 19 டிகிரியை ஒட்டியதுதான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் மே, ஜூன் அங்கே தேவலை. செப்டம்பருக்கு மேல்தான் உண்மையான மழைக்காலம்.

பெர்கனிலிருந்து தலைநகர் ஒஸ்லோவுக்கு ரயில் போகிறது. 1909இல் திறந்த பாதை, ஏழு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கடல் மட்டத்தில் மழையோடு புறப்படுகிற ரயில், சில மணி நேரத்தில் ஃபின்சே என்ற நிலையத்தில் வந்து நிற்கும். உயரம் 1,222 மீட்டர். அங்கே மரமே இல்லை. ஜூன் தொடக்கத்திலும் தண்டவாளத்தின் இரு பக்கமும் பனி கிடக்கும். படம் எடுக்க இறங்குகிறவர்கள் கதவு திறந்ததும் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். அப்புறம் மலையின் மறுபக்கம் இறங்கினால் ஒஸ்லோவில் வெயில், 20 டிகிரிக்கு மேல், பூங்காவில் ஆட்கள் கையில்லாத சட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் பெட்டி கட்ட வேண்டியது இந்த ஒரு நாளுக்குத்தான். கைப்பேசி காட்டும் ஒற்றை எண்ணுக்கு அல்ல.

ஆனால் நம்மவர்கள் முதலில் வாங்குவது முழங்கால் வரை தொங்கும் தடித்த கோட். முஸ்தஃபாவில் தள்ளுபடியில் கிடைத்தது, ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகும் என்பார்கள். ஜூன் பயணத்துக்கு என்னைக் கேட்டால் அதைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்வேன். காரணம் குளிர் அல்ல, வியர்வை. அந்த நாடுகளில் பேருந்து, கடை, அருங்காட்சியகம் எல்லாம் உள்ளே கதகதப்பாக இருக்கும். தடித்த கோட்டுக்குள் வெறும் டி-ஷர்ட் போட்டிருப்பவருக்கு இரண்டே வழி: கோட்டோடு வியர்ப்பது, கழற்றிவிட்டு நடுங்குவது. மேட்டில் ஏறும்போது வியர்த்து முதுகு நனைந்துவிட்டால், உச்சியில் காற்று படும் நேரத்தில் அந்த ஈரமே உடல் சூட்டை உறிஞ்சும். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தக்கூடியது.

அதனால் ஒன்று தடிப்பாக வேண்டாம், மூன்று மெல்லியதாக. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அதாவது குளிருக்கான மெல்லிய உள்ளாடை. அதன்மேல் சூடு பிடித்து வைக்க ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணியில் ஒரு மேலாடை அல்லது மெல்லிய கம்பளிச் சுவெட்டர். எல்லாவற்றுக்கும் வெளியே, காற்றும் மழையும் நுழையாத ஜாக்கெட். ஆடைகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் நம்மைச் சூடாக வைத்திருப்பது. துணியின் கனம் அல்ல. ஆபீஸ் ஏர்கானுக்குப் போட்டுப் பழகிய கார்டிகன் அங்கே தனியாக நிற்காது என்பதற்கும் இதுதான் காரணம். பின்னலின் ஓட்டை வழியே காற்று புகுந்து, சேர்த்து வைத்த சூட்டைக் கொண்டு போய்விடும். வெப்பம் 5 டிகிரி இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், வெளியே தெரியும் தோலுக்கு அது 0 டிகிரிக்குச் சமம்.

பருத்தி நம் தோழன், இங்கே. அங்கே உள்ளாடைக்குப் பருத்தி வேண்டாம். ஈரத்தைக் குடித்தால் விடாது, உலராது. ஜீன்ஸும் அந்த ரகம்தான். நனைந்த ஜீன்ஸோடு நாள் முழுக்க நடப்பது தண்டனை. கம்பளி வேறு மாதிரி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி குத்தாது, ஆனால் விலை கொஞ்சம் கூடுதல். முடியாதவர்களுக்குப் பாலியஸ்டர் தெர்மல் போதும், சீக்கிரம் உலரும். வாத்துத் தூவி அடைத்த ஜாக்கெட் கையளவு பைக்குள் சுருங்கிவிடும், காய்ந்த குளிருக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் நனைந்தால் தூவி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு உதவாமல் போகும். பெர்கன் மழையில் அதற்குமேல் மழை ஜாக்கெட் கட்டாயம்.

அந்த மழை ஜாக்கெட்டை வாங்கும்போது ஒரு விஷயம். தேக்காவோ ஆர்ச்சர்டோ, கடைக்குப் போகும்போது சுவெட்டரையும் கையில் எடுத்துப் போங்கள். டி-ஷர்ட்டின்மேல் போட்டுப் பார்த்து “கச்சிதம்” என்று வாங்கியது, அங்கே இரண்டு உடுப்பின்மேல் போட்டால் கை மடங்காது. சுவெட்டரோடு போட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள். முதுகுப் பக்கம் இடுப்புக்குமேல் ஏறினால் ஓர் அளவு பெரியது எடுங்கள். ஜாக்கெட்டோடு வரும் தொப்பியைப் போட்டுத் தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடத் திரும்ப வேண்டும், கண்ணை மறைக்கக் கூடாது. வளர்கிற பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள். வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இங்கேயே இருக்கின்றன.

பத்து நாள் பயணத்துக்குப் பத்துச் சட்டை என்பது நம் ஊர் வியர்வைக்கான கணக்கு. குளிரில் மேலாடை அவ்வளவு சீக்கிரம் அழுக்காகாது. கம்பளியை இரவில் காற்றாட மாட்டினால் வாடை போய்விடும். உள்ளாடை, காலுறை மட்டும் நாளுக்கொன்று. மற்றது மூன்று நான்கு போதும். “நேற்றுப் போட்டதையே இன்றைக்குமா?” என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறப்போவது நீங்கள்தான், நினைவிருக்கட்டும்.

பெண்கள் அடிக்கடி கேட்பது சேலை. ஒஸ்லோவில் முருகன் கோயில் இருக்கிறது, இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள், உறவுக்காரர் கல்யாணம் என்று போகிறவர்களும் உண்டு. தாராளமாகக் கட்டலாம். பாவாடைக்குள் தெர்மல் கால்சட்டை, ரவிக்கைக்குப் பதில் அதே நிறத்தில் முழுக்கை கம்பளி பனியன், பட்டுக்குமேல் சால்வை. யாருக்கும் தெரியாது. வேட்டிக்கும் இதே ஏற்பாடுதான். காலுறை மட்டும் ஓட்டையில்லாமல் இருக்கட்டும். நார்வேக்காரர்கள் வீட்டிலும் நம்மைப்போலச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

ஐஸ்லாந்து போகிறவர்கள் நீச்சலுடையை மறக்க வேண்டாம். நிலத்தடிச் சூட்டில் கொதிக்கும் வெந்நீர் அந்த ஊர்க் குளங்களுக்கு வருகிறது, வெளியே எத்தனை குளிர் என்றாலும் ஆட்கள் குளிப்பார்கள். உள்ளே இறங்குமுன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது விதி, முன்பே தெரிந்துகொண்டால் நல்லது. ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம் போகாது, கண்ணுக்குக் கட்டத் துணி வேண்டும். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கோடையில் பொடிக் கொசு மொய்க்கும், முழுக்கைச் சட்டை அதற்கும் சேர்த்துத்தான். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடும்; உதட்டுக்கும் கைக்கும் வாசலினே வசதி.

சரி, சப்பாத்துக்கு வருகிறேன். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சென்ற பயணத்துக்கு வாங்கிய விலை உயர்ந்த மலைச் சப்பாத்து, பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, புதிது போலவே இருக்கிறது. பெர்கனில் இறங்கிக் கல் பாவிய தெருவில் நடக்கத் தொடங்கினால், அடிப்பாகம் கேக் துண்டாக உதிர்ந்து வருகிறது. தரக்குறைவு அல்ல. அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற நுரை போன்ற பிளாஸ்டிக், காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகம் கூடும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அலமாரியைவிட அதற்கு ஏற்ற இடம் கிடையாது. போடாமல் மூடி வைப்பதும் அதைக் காப்பாற்றாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்து, அடிப்பாகத்தின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துங்கள். நன்றாக வளைத்துப் பாருங்கள். விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் அதோடு விட்டுவிடுங்கள், விமானம் ஏற்றாதீர்கள். தெரியாவிட்டாலும் மேக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு நீண்ட நடை போய்வாருங்கள், கனத்த கம்பளிக் காலுறையோடு. ஜாக்கெட்டையும் பாருங்கள்; உள்பக்கப் பூச்சு உரிந்து செதில் செதிலாக வந்தால் மழை உள்ளே வரும்.

திரும்பி வந்தபின் அழுக்கோடு மூடி வைக்காதீர்கள். துவைத்து, முழுக்க உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் டப்பாவோடு வையுங்கள். அந்துருண்டை வாடை அடுத்த பயணம் வரை போகாது, பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் பாவம். அதைவிட, டிசம்பரில் சொந்தத்தில் யார் குளிர் நாட்டுக்குப் போகிறார்கள் என்று விசாரித்து, அளவு சரியாக இருந்தால் கொடுத்து வையுங்கள். சப்பாத்தையும் சேர்த்து. நன்றி, வணக்கம்.