இருவர் போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்பு நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"சோல், ஜாஸ், ப்ளூஸ் மூன்றும் கலந்த இசைக்கு உயிர் கொடுப்பது இருவரா, பெருங்குழுவா?" இதுதான் இன்றைய தலைப்பு. மூன்றுமே அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகைகள். இருவரே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குண்டு போட்டுவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். இருவர் இசை என்பது காசில்லாதவன் கச்சேரி என்றார். டிரம்ஸும் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் இல்லாமல் சோல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். கடைசியாக, ஜாஸ் பெருங்குழு நடத்திய டியூக் எலிங்டனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அவை கை தட்டியது. நானும் தட்டினேன். அழகாகப் பேசினாரே என்று தட்டினேன், சரியாகப் பேசினார் என்று அல்ல.

முதலில் ப்ளூஸ். வழக்கமான ப்ளூஸ் பாடலில் ஒரு சரணத்துக்கு 12 பார், அதாவது 12 தாளச் சுற்று. நான்கு நான்கு பாராக மூன்று அடிகள். முதல் அடியில் பாடகர் தன் குறையைச் சொல்கிறார். இரண்டாம் அடியில் அதையே திரும்பச் சொல்கிறார். மூன்றாம் அடியில்தான் விஷயத்துக்கு வருகிறார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் காதில் நழுவிப் போவது ஒன்று உண்டு. அடி நான்கு பார் நீளம், ஆனால் பாடகரின் வரி ஏறக்குறைய இரண்டு பாரிலேயே முடிந்துவிடும். மிச்ச இடம் யாருக்கு? பக்கத்தில் இருக்கும் கருவிக்கு. குரல் கேட்கிறது, கிட்டார் பதில் சொல்கிறது. குரல் புலம்புகிறது, ஹார்மோனிகா "ஆமாம், ஆமாம்" என்கிறது. பாட்டின் அமைப்பே இரண்டு பேருக்கு இடம் ஒதுக்கித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது ஆள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வரட்டும். நாற்காலியை மட்டும் அவரே கொண்டுவர வேண்டும்!

1928-ல் லீராய் கார் பியானோவில் அமர்ந்து பாட, ஸ்க்ராப்பர் பிளாக்வெல் கிட்டார் வாசித்த 'ஹவ் லாங், ஹவ் லாங் ப்ளூஸ்' இசைத்தட்டு பெரிய வெற்றி பெற்றது. அது 12 பார் அல்ல, 8 பார் ப்ளூஸ். ஆனாலும் உரையாடல் அதேதான். லீராயின் பியானோ கீழே நிதானமாக நடக்க, பிளாக்வெல் ஒற்றைத் தந்தியில் மேலே கூர்மையாகக் குறுக்கே பேசுகிறார். சன்னி டெரியும் பிரவுனி மெகீயும் ஹார்மோனிகா, கிட்டார் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் மேடையை ஆண்டார்கள். ஹார்மோனிகாவை ஊதும் இடைவெளியிலேயே டெரி கீச்சென்று ஒரு கூவல் கூவுவார் பாருங்கள், வாத்தியம் எங்கே முடிகிறது, தொண்டை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது.

இனி ஜாஸ். இங்கே நடுவர் அவர்கள் கொஞ்சம் பொறுமை காக்க வேண்டும். ஒரே மெட்டு இரண்டு விதமாகவும் வாசிக்கப்பட்டு, இரண்டும் தட்டில் பதிவாகியிருந்தால் நம் வழக்குக்கு அதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்? அப்படி ஒன்று இருக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் அமைத்த 'வெதர் பேர்ட்'. 1923-ல் அதைக் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் வாசித்தது. இரண்டு கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி), கிளாரினெட், டிராம்போன், பியானோ, பாஞ்சோ, டிரம்ஸ். ஆம்ஸ்ட்ராங் அதில் இரண்டாவது கார்னெட். நல்ல வாசிப்புதான், துள்ளுகிறது. ஆனால் மெட்டைப் போட்டவர் எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும்.

அதே மெட்டு, 1928 டிசம்பர் 5, சிகாகோ. ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட், ஏர்ல் ஹைன்ஸ் பியானோ. வேறு யாருமில்லை. தாளம் காட்ட டிரம்ஸ் இல்லை, அடித்தளத்துக்குப் பேஸ் என்ற கீழ்ச்சுரக் கருவி இல்லை. தாளத்தைத் தாங்க வேண்டிய ஹைன்ஸின் இடது கை என்ன செய்கிறது தெரியுமா? ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று தாளத்தை உடைத்துக்கொண்டு எங்கோ ஓடிவிடுகிறது. விழுந்தார்கள் என்று நினைக்கும்போது சரியான இடத்தில் வந்து இறங்குகிறது. ஆம்ஸ்ட்ராங் அசரவில்லை, அந்த ஓட்டத்தையே பிடித்துக்கொண்டு அவர் ஒன்று வீசுகிறார். கடைசிப் பகுதியில் துண்டு துண்டாக மாறி மாறி எறிந்துகொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு பேர் சேர்ந்து வாசிக்கும்போது இந்த விளையாட்டை விளையாட முடியுமா? ஒருவர் தாளம் தப்பி ஓடினால் மற்ற ஆறு பேரும் முட்டிக்கொள்வார்கள்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி சொல்லும். 1923-ல் இருந்தது, ஒலியை வாங்கும் புனலுக்கு முன் நின்று வாசித்த பழைய பதிவு முறை. 1928-ல் மைக் வந்துவிட்டது. ஒலித் தெளிவில் அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் மைக் ஒலியைத் தெளிவாக்கும், துணிச்சலைக் கொடுக்காது.

காசில்லாதவன் கச்சேரி என்றாரே, அதற்கு வருகிறேன். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். இளம் வயதில் சிக் வெப்பின் பெருங்குழுவில் பாடியவர். பிறகு கவுண்ட் பேஸியின் குழுவோடு பாடினார், எலிங்டன் குழுவோடு பாடினார். அவர் விரல் அசைத்தால் எந்த ஆர்கெஸ்ட்ராவும் வந்து நிற்கும். அப்படிப்பட்டவர் 1973-ல் ஜோ பாஸ் என்ற ஒரே ஒரு கிட்டார்காரரோடு உட்கார்ந்து ஓர் ஆல்பம் பாடினார். பிடித்துப் போய் மேலும் மூன்று ஆல்பம், 1986 வரை. காசில்லாமலா?

அடுத்து சோல். சாம் அண்ட் டேவ் இருவரின் பாட்டுகளை எடுத்துக்காட்டி, "பின்னால் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் குழு இல்லாவிட்டால் அந்த இருவரும் என்ன செய்திருப்பார்கள்?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாட்டுகளிலிருந்து அந்த ஊதுகுழல்களை எடுத்துவிட்டால் பாதி போய்விடும். அதற்காக, ஊதுகுழல் இல்லாத இடத்தில் சோல் இல்லை என்றால் எப்படி?

டக் அண்ட் பாட்டி என்ற இணையைக் கேளுங்கள். டக் ஆண்ட்ரஸ் கிட்டார், பாட்டி கேத்கார்ட் குரல். 1978-லிருந்து ஒன்றாக இசைத்து, பின்னர் தம்பதியானவர்கள். 1988-ல் முதல் ஆல்பம். டக்கின் வலது கையைப் பாருங்கள். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் பேஸ் வாசிக்கிறது. நடுத் தந்திகளில் கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள். மேல் தந்தியில் மெட்டு. இது போதாதென்று தந்தியைத் தட்டித் தட்டி, டிரம்ஸ்காரர் அடிக்கும் இடத்தில் ஒரு 'டப்'. கார்டுகள் ஜாஸ், குரலில் ஏறி இறங்கும் இழைவு தேவாலயப் பாட்டிலிருந்து வந்த சோல், வளைத்து இறக்கும் சுரங்கள் ப்ளூஸ். தலைப்பில் இருக்கிற மூன்றும் வந்துவிட்டன, ஆள் இரண்டுதான். பாட்டி ஒரு வரியின் முடிவில் மூச்சை நிறுத்தினால், கிட்டாரும் அதே கணத்தில் நிற்கும். 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று யாரும் எண்ணிக்கொண்டு காத்திருப்பதில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, தெரிகிறது. எலிங்டனை மட்டும் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு அமர்கிறேன். ஆர்கெஸ்ட்ராவையே தன் வாத்தியமாக வைத்திருந்த மேதை என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். 1939-ல் அந்த ஆர்கெஸ்ட்ராவில் ஜிம்மி பிளாண்டன் என்ற இளைஞர் பேஸ் வாசிக்கச் சேர்ந்தார். குழுவோடு வாசிக்க வைத்தது போதாதென்று, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எலிங்டன் மற்ற எல்லோரையும் ஒதுக்கிவிட்டு, பியானோவும் பேஸும் மட்டுமாகப் பிளாண்டனோடு சில தட்டுகளைப் பதிவு செய்தார். அதுவரை பெரும்பாலும் ஒன்று இரண்டு என்று நடைபோட்டுக்கொண்டிருந்த பேஸ், அவற்றில் ஊதுகுழல் போலப் பாடியது. 1942-ல், 23 வயதில், காசநோய் பிளாண்டனைக் கொண்டுபோனது. 1972-ல், 73 வயதில், எலிங்டன் மறுபடியும் ஒரே ஒரு பேஸ் கலைஞரோடு ஸ்டூடியோவில் அமர்ந்தார். இந்த முறை ரே பிரவுன். ஆல்பமே பிளாண்டனுக்குச் சமர்ப்பணம். ஆர்கெஸ்ட்ரா அப்போதும் அவரிடம் இருந்தது. எதிரணித் தலைவர் தம் சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நன்றி, வணக்கம்.